பேஸ்மென்டில் வெள்ளம் வந்தால்

(ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோ பகுதியில், தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேலை முடிந்த களைப்போடு, சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளம் புகுந்த வீடுகளைத் துப்புரவாக்கி, உலர்த்தி, திரும்பவும் ஆட்கள் குடியிருக்கும்படி செய்து கொடுப்பது என் தொழில். பெருமழைக்கு அடுத்த நாள் காலையில் எங்கள் தொலைபேசிகள் ஓய்வதில்லை. அழைப்பவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். "தண்ணியை எப்ப இறைச்சு முடிப்பியள்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நல்ல பம்ப் இருந்தால் இறைப்பது அரை நாள் வேலை. வீடு தப்புவதும் கெடுவதும் அதற்குப் பிறகு செய்கிற வேலையில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

1983க்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய நம்மில் எத்தனையோ பேர் கனடாவின் முதற் பனிக்காலத்தைக் கழித்தது யாரோ ஒருவருடைய வீட்டு பேஸ்மென்டில். இரவு வேலைக்குப் போனவர் திரும்பி வந்ததும் பகல் வேலைக்காரர் எழுந்து கட்டிலை விட்டுக்கொடுத்த காலம் அது. இன்று நாமே வீட்டுக்காரராகி, அதே பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறோம். பல வீடுகளில் கடனின் ஒரு பங்கைக் கட்டுவது அந்த வாடகைதான். கீழே இருப்பவர் படிக்க வந்த மாணவராக இருக்கலாம், கைக்குழந்தையோடு ஒரு தாயாக இருக்கலாம், மூட்டுவலியோடு நம்முடைய அம்மம்மாவாகவும் இருக்கலாம். ஆகையால் வெள்ளம் வந்த பேஸ்மென்டை எந்த அளவுக்குத் துப்புரவாக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால் என் பதில் இதுதான்: உங்கள் பிள்ளை அங்கே படுக்கப் போகிறது என்று வைத்துக்கொண்டு துப்புரவாக்குங்கள். சாமான் அறைக்குப் போதுமான துப்புரவு, ஆள் மூச்சுவிட்டுப் படுக்கிற அறைக்குப் போதாது.

முதலில், தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? ஆற்று வெள்ளம்தான் பலருக்கு உடனே நினைவுக்கு வரும். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு தெருவின் வீடுகள் இரவோடு இரவாக அள்ளுண்டு போயின. அதன் பிறகு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, பல இடங்களைப் பூங்காக்களாக விட்டார்கள். அந்த ஏற்பாட்டின் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் இப்போது நான் போகிற வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிட்ட ஆறே இல்லை. மேட்டுத் தெருவில் இருக்கிற வீட்டுக்கும் வெள்ளம் வருகிறது. அது நிலத்துக்குக் கீழே ஓடும் குழாய்வழியாக வருகிறது.

நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. ஸ்காபுறோவில் பெரும்பாலும் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. என்றாலும், அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்திருக்கும் வடிகுழாய் பல பழைய வீடுகளில் கழிவுநீர்க் குழாயோடுதான் சேர்ந்திருக்கிறது. கூரைப் பீலிகளும் முன்பு நேரே நிலத்தடிக் குழாய்க்குத்தான் போயின. மாநகரசபை 2007இல் விதி கொண்டுவந்து அவற்றைத் துண்டிக்கச் சொன்னது. பெய்கிற மழையும் சிறியதல்ல. 2005 ஓகஸ்ட் 19 அன்று பெய்த மழை ஃபிஞ்ச் அவெனியூவை ஓர் இடத்தில் அறுத்துக்கொண்டே போய்விட்டது. 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. 2024 யூலை 16 அன்று ஏறத்தாழ 98, அதே ஆண்டு ஓகஸ்ட் 17 அன்று 128. இப்படி ஒரு மழை குழாயை நிரப்பினால், உள்ளே இருப்பது போக்கிடம் தேடிப் பின்னோக்கி ஏறும். உங்கள் வீட்டில் ஆகக் கீழே திறந்திருக்கும் வாய் எது? ஹீற்றருக்குப் பக்கத்தில், சீமெந்து நிலத்தில், சல்லடை மூடி போட்டிருக்கிறதே, அந்த வடிகால் துளை. தெருவில் உள்ள எல்லோருடைய கழிவும் அதற்குள்ளால் உங்களிடம் வந்து சேரும்.

எங்கள் தொழிலில் தண்ணீரை மூன்று வகையாகப் பிரிப்போம். குடிநீர்க் குழாய் வெடித்து வந்தது முதலாவது. உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்திலிருந்து வழிந்த அழுக்குத் தண்ணீர் இரண்டாவது. கழிவுக் குழாயிலிருந்து ஏறியதும், தெருவால் ஓடி வந்து யன்னலால் புகுந்ததும் மூன்றாவது. இந்த மூன்றாம் வகை எப்போதும் கறுப்பாகவும் நாற்றமாகவும் வரும் என்று எண்ணாதீர்கள். பெருமழையில் கழிவு கரைந்து, பார்வைக்குத் தெளிவாகவே வரும். நிறத்தைப் பார்க்காமல், வந்த வழியைப் பாருங்கள். முதல் வகைத் தண்ணீரையும் இரண்டு மூன்று நாள் தேங்க விட்டால் அது முதல் வகையாக இருக்காது.

தண்ணீர் நிற்கக் கண்டதும் படியால் இறங்கக் கூடாது. நம் வீடுகளில் மின்சாரப் பெட்டியே பெரும்பாலும் பேஸ்மென்டில்தான் இருக்கிறது. ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. பிளக்குகள் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கின்றன. தண்ணீர் அவற்றை எட்டியிருந்தால், அல்லது எட்டியதா என்று தெரியாவிட்டால், மின்சார நிறுவனத்தை அழைத்து வெளியே இருந்தே துண்டிக்கச் சொல்லுங்கள். எரிவாயு மணந்தால் வீட்டை விட்டு வெளியேறி, வெளியில் நின்று அழையுங்கள். நனைந்த ஃபேர்னஸையும் சுடுதண்ணீர்த் தாங்கியையும் உரிமம் உள்ள ஆள் வந்து பார்க்காமல் மூட்டாதீர்கள். பெற்றோலில் ஓடும் பம்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியவரும்.

இறைப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். 70 சதுர மீற்றர் பேஸ்மென்டில் 30 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 21,000 லீற்றர். அந்த அளவை உடனே இறைக்கலாம். ஆனால் இடுப்பளவு நின்றால் அப்படிச் செய்யாதீர்கள். வெளியே மண்ணும் ஊறிப்போய்ச் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அந்தத் தள்ளலைச் சமன் செய்கிறது. ஒரேயடியாக வெறுமையாக்கினால் சுவர் பிளக்கலாம், நிலம் மேலெழும்பலாம். ஓரளவு இறைத்து, சுவரில் அடையாளம் போட்டு, மறுநாள் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதியை இறைக்க வேண்டும்.

எதையும் அகற்ற முன்பு படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் விட்ட கோடு, ஒவ்வொரு அலுமாரியின் அடி, இயந்திரங்களின் தொடர் இலக்கம் எல்லாம் படத்தில் வரட்டும். எறிகிற காப்பெற்றில் ஒரு துண்டை வெட்டி வையுங்கள். காப்புறுதிக்காரர் கேட்பார்.

இனி நம் ஆட்கள் ஆகவும் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகைத் தண்ணீர் பட்டால் காப்பெற், அதற்கடியில் உள்ள மெத்துப் படை, மெத்தை, சோபா, அமுக்கிய மரத்தூளில் செய்த அலுமாரி எல்லாம் போக வேண்டும். "நல்லாக் கழுவி வெயிலில போட்டால் காயும்தானே" என்று கேட்பார்கள். காயும். ஊறிய கழிவு உள்ளேயே இருக்கும். அதே பேஸ்மென்டில்தான் நாம் அரிசி மூடைகளையும் மாவையும் மிளகாய்த்தூளையும், மீனும் நண்டும் நிறைந்த பெரிய ஃபிரீஸரையும் வைத்திருக்கிறோம். தண்ணீர் தொட்ட உணவு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் பஞ்சம் பார்த்தவர்களுக்கு ஒரு மூடை அரிசியைக் குப்பையில் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு விளங்குகிறது. அந்த அம்மாமாரின் முகத்தை நேரில் கண்டிருக்கிறேன். இருந்தும் போடத்தான் வேண்டும்.

அடுத்தது சுவர். பேஸ்மென்ட் சுவர் என்று நாம் பார்ப்பது ட்றைவோல். இரண்டு பக்கமும் தடித்த கடதாசி, நடுவில் ஜிப்சம். அதற்குப் பின்னால் பிளாஸ்ரிக் தாள், பஞ்சு போன்ற இன்சுலேஷன், மரச் சட்டம், அதற்கும் பின்னால் அத்திவாரக் கொங்கிறீற். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ட்றைவோல் தண்ணீரை மேலே இழுக்கும். நிலத்தில் நாலு விரல் தண்ணீர்தான் நின்றது என்பீர்கள். சுவருக்குள் அது முழங்கால் வரை ஏறியிருக்கும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். யூலையில் வெள்ளம் வந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. தானே இறைத்து, நிலத்தைத் துடைத்து, மின்விசிறி போட்டு, சுவருக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்திருந்தார். பார்த்தால் புது அறை. குளிர் தொடங்கி யன்னல்கள் பூட்டுப்பட்ட பிறகு, கீழே வாடகைக்கு இருந்த பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் சுவரில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். முன்பக்கம் பால் வெள்ளை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கக் கடதாசி முழுதும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இன்சுலேஷனைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அடிச் சட்டத்தில் ஈரம் அளக்கும் மானியை ஊன்றினேன், முள் ஈரம் காட்டுகிற கோடிக்கே போய் நின்றது. பெயின்ற்றும் பிளாஸ்ரிக் தாளும் சேர்ந்து அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருந்தன. அந்தப் பிள்ளை மாதக்கணக்காக அதற்கு ஒரு சாண் தள்ளித் தலைவைத்துப் படுத்திருக்கிறது.

இதனால்தான் சுவரை வெட்டச் சொல்கிறோம். தண்ணீர்க் கோட்டிலிருந்து குறைந்தது 30 சென்ரிமீற்றர் மேலே, சுற்றிவர ஒரே மட்டத்தில் ட்றைவோலை அறுத்து, ஊறிய இன்சுலேஷனை அகற்றி, மரச் சட்டத்தையும் கொங்கிறீற்றையும் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். பூஞ்சணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. வீடு 1990க்கு முன்பு கட்டியதென்றால் ஓர் எச்சரிக்கை: பழைய நிலத் தட்டோடுகள், அவற்றை ஒட்டிய பசை, சில வகை இன்சுலேஷன் ஆகியவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உடைக்கவோ சுரண்டவோ வேண்டாம். வேலை செய்கிறவர் றப்பர் பூட்ஸும் கையுறையும் கண்ணாடியும் என்95 முகக்கவசமும் போட வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், முதியவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

வெட்டிய பிறகு கழுவ வேண்டும். நம் வீடுகளில் பிளீச் மேல் ஒரு பெரும் நம்பிக்கை இருக்கிறது. சேற்றின் மேல் ஊற்றிய பிளீச் சேற்றோடு சேர்ந்தே வலுவிழந்துவிடும். முதலில் சவர்க்காரத் தண்ணீர் போட்டுத் தேய்த்து அழுக்கை எடுங்கள். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான், அதுவும் சீமெந்து, உலோகம் போன்ற கடினமான பரப்புகளுக்கு. பிளீச்சோடு அமோனியா உள்ள எதையும், வினாகிரியையும், கழிப்பறை கழுவும் அமிலத்தையும் கலக்காதீர்கள். மூடிய பேஸ்மென்டில் அந்த வாயு நுரையீரலை எரித்துவிடும்.

பிறகு உலர்த்தல். யாழ்ப்பாணத்து வீட்டில் ஈரம் என்றால் கதவு யன்னலைத் திறந்துவிடுவோம், வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் இங்கே கோடையில் உதவாது. யூலை மாதக் காற்று தண்ணீரைச் சுமந்து வரும். அது குளிர்ந்த பேஸ்மென்ட் சுவரில் பட்டதும் அந்தத் தண்ணீர் சுவரிலேயே வியர்வையாக இறங்கும். உலர்த்துவதாக நினைத்து நனைத்துக்கொண்டிருப்போம். வெளிக்காற்று உள்ளதைவிட உலர்ந்திருந்தால் மட்டுமே திறவுங்கள். மற்ற நேரங்களில் யன்னலைச் சாத்தி, ஈரமுறிஞ்சும் இயந்திரத்தை இரவு பகலாக ஓடவிடுங்கள். கழிவு பட்ட இடத்தில், கழுவி முடிக்கு முன் விசிறி போட்டால் கிருமிகளை வீடு முழுவதும் பரப்பியதாகிவிடும்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மர ஈரம் அளக்கும் சிறிய மானி கடைகளில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. சட்டங்களில் 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகு, அறையின் ஈரப்பதன் 50க்குக் கீழே நின்ற பிறகு சுவரை மூடுங்கள். அதற்கு ஒரு வாரமும் எடுக்கலாம், மூன்று வாரமும் எடுக்கலாம். ஆட்களுக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். வாடகை நின்றுவிட்டது, ஒப்பந்தக்காரர் நாளைக்கே வந்து மூடித் தருகிறேன் என்கிறார். மானியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

எறிகிற சாமான்களைப் பற்றிச் சொன்னேன். எறியக் கூடாதவையும் உண்டு. நம்முடைய பேஸ்மென்டுகளில் பழைய பெட்டிகளுக்குள் கல்யாண அல்பமும், ஊரில் எடுத்த பிறப்புச் சான்றிதழும், காணி உறுதியும் இருக்கின்றன. 1995இல் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்த படங்கள், வேறு பிரதி எங்கேயும் இல்லாதவை. நனைந்த அல்பத்தைக் கண்டதும் பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், படத்தின் நிறம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். தலைமயிர் உலர்த்தியைப் பிடிக்கவும் வேண்டாம். படங்களைக் குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் மெதுவாக அலசி, நிறம் உள்ள பக்கம் மேலே பார்க்க, தனித்தனியாகத் துணியில் பரப்பி நிழலில் காயவிடலாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால், அலசியவற்றுக்கு இடையில் மெழுகுதாள் வைத்து, பையில் போட்டு ஃபிரீஸரில் வையுங்கள். உறைந்த ஈரத்தில் பூஞ்சணம் வளராது. வீட்டு வேலை முடிந்து மனம் ஆறியபிறகு, சிறிது சிறிதாக எடுத்துப் பிரிக்கலாம். கடதாசிகளுக்கும் இதுவே வழி. கூறைச் சேலையை நீங்களே தோய்க்காமல் பட்டு தெரிந்த ஆளிடம் கொடுங்கள், என்ன தண்ணீர் பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குத்துவிளக்கும் பித்தளைச் சாமானும் கழுவினால் போதும்.

காப்புறுதி பற்றிச் சுருக்கமாக. சாதாரண வீட்டுக் காப்புறுதியில் கழிவுக் குழாய் பின்னோக்கி வருவது சேராது, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தெருவால் வரும் வெள்ளத்துக்கான காப்புறுதி கனடாவில் வீடுகளுக்குக் கிடைக்கத் தொடங்கியதே 2015இல்தான். பேஸ்மென்டில் ஆள் இருப்பதை நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாமல் விட்டால் பணம் தர மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். வீட்டுக்காரரின் காப்புறுதி, கீழே இருப்பவரின் கட்டிலையும் கணினியையும் காக்காது. அவருக்குத் தனியாக வாடகையாளர் காப்புறுதி வேண்டும், அது பெரிய செலவில்லை. சாவி கொடுக்கும் அன்றே இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சாமானைவிட உயிர் பெரிது. 2021 செப்ரெம்பர் 1 இரவு, ஐடா சூறாவளியின் மழை நியூயோர்க் நகரில் கொட்டியபோது, பேஸ்மென்ட் வீடுகளில் மட்டும் 11 பேர் இறந்தார்கள். பலர் குடியேறிய தொழிலாளர்கள், குயின்ஸ் பகுதியில் இருந்தவர்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு நம்முடைய தெருக்கள்தான் கண்ணுக்குள் வந்தன. கதவுக்கு வெளியே அரை மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு சாதாரணக் கதவை ஏறத்தாழ 100 கிலோ பாரத்துக்குச் சமமாக அழுத்தும். வெளிப்பக்கம் திறக்கிற கதவை உள்ளே இருக்கும் ஒருவரால் தள்ளித் திறக்க முடியாது, உள்ளே திறக்கிற கதவென்றால் வெள்ளமே அதை உடைத்துக்கொண்டு வரும். வீட்டுக்காரராக இங்கே வந்திருப்பவர்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள். கீழே படுக்கிறவர் இரண்டாவது வழியால் வெளியேற முடியுமா? யன்னல் ஓர் ஆள் புகுமளவு திறக்கிறதா, கம்பி போட்டு அடைத்திருக்கிறதா? மேலே வருகிற உட்படிக் கதவை உங்கள் பக்கத்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா? பலத்த மழை எச்சரிக்கை வந்த இரவில் கீழே கதவைத் தட்டி, மேலே வந்து படுங்கள் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. பீலித் தண்ணீர் அத்திவாரத்திலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி விழட்டும். சுவரோரம் மண் வெளிப்பக்கம் சாயட்டும். பொரித்த எண்ணெயைக் குசினித் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது குழாயில் உறைந்து வழியை அடைக்கும், உங்கள் கழிவே உங்களிடம் திரும்பி வரும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு ஒன்றையும், நிலத்தடித் தண்ணீரை இறைக்கும் பம்பையும் போடுவதற்கு மாநகரசபை செலவின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. தொகையும் நிபந்தனையும் மாறுவதுண்டு. வேலை தொடங்க முன்பே மாநகரசபையின் 311 இலக்கத்தை அழைத்துக் கேளுங்கள்.

அந்த வால்வைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தெருக் குழாய் நிரம்பும்போது அது மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரம் பார்த்து மேலே யாராவது குளித்தால், உடுப்புத் தோய்த்தால், கழிப்பறையில் தண்ணீர் இழுத்தால், அத்தனையும் கீழே இருப்பவரின் அறைக்குள்தான் வரும். ஆகவே பெருமழை பெய்யும்போதும், மழை விட்டு ஒரு மணி நேரம் போகும்வரையும் மேல் வீட்டில் தண்ணீர் புழங்காதீர்கள். வால்வின் மூடியைத் திறந்து ஆண்டுக்கு இரண்டு தரமாவது துப்புரவாக்குங்கள். ஒரு துணித்துண்டு சிக்கினாலும் அது சரியாக மூடாது. வால்வு எங்கே இருக்கிறது என்று கீழே இருப்பவருக்கும் காட்டிக் கொடுங்கள், அதற்கு மேல் காப்பெற் விரிக்க விடாதீர்கள்.

ஈரம் அளக்கும் மானியையும், வெட்டி எடுத்த ட்றைவோல் துண்டு ஒன்றையும் மேசையில் வைத்திருக்கிறேன். வந்து கையில் எடுத்துப் பாருங்கள். காப்புறுதிப் பத்திரம் கொண்டுவந்தவர்கள் இருந்தால் நில்லுங்கள், கழிவுநீர் பற்றிய பக்கத்தைச் சேர்ந்து வாசிப்போம்.